மூன்று விலைமனுவில் குறைந்ததை எடுத்தால் சரியா?

கேள்வி, 4 ஜூன் 2024

திருகோணமலையில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கொள்வனவுப் பிரிவில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். ஆலைக்குக் காற்றை அமுக்கித் தரும் 75 கிலோவாட் ஸ்குரூ கொம்பிரசர் ஒன்றுக்கு மூன்று விலைமனு வந்திருக்கிறது. குறைந்த விலைக்காரர் அடுத்தவரைவிட 18 லட்சம் ரூபா குறைவு, ஆனால் 40 சதவீதம் முற்பணம் கேட்கிறார். கொழும்புத் தலைமை அலுவலகம் குறைந்ததை எடுத்து முடிக்கச் சொல்கிறது. பொறியியலாளர் இரண்டாவதுதான் வேண்டும் என்கிறார், காரணத்தை மட்டும் எழுதித் தரமாட்டாராம். கையெழுத்துப் போடப்போவது நான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன், இரவு

கையெழுத்துப் போடவேண்டாம் தம்பி. விலையைப் பார்க்கும் கட்டத்துக்கே நீங்கள் இன்னும் வரவில்லை. மூன்று பேரும் ஒரே சாமானுக்குத்தான் விலை தந்திருக்கிறார்களா?

நான் இந்த வேலையில் 22 வருடம், முழுவதும் துறைமுகக் கரையில் ஒரே ஆலையில். முதன்முதலாக ஒப்பீட்டுத் தாள் போட்ட நாளில் மூன்று தொகையையும் மேலிருந்து கீழாக எழுதி, சின்னதைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு முகாமையாளரிடம் போனேன். அவர் தொகையைப் பார்க்கவே இல்லை. "டிரையர் யாருடைய விலைக்குள்ள இருக்கு பிள்ளை?" என்று கேட்டார், காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவியை. எனக்குத் தெரியாது. திரும்பி வந்து வரிவரியாகப் படித்தேன். ஒருவர் டிரையர், காற்றுத் தாங்கி, ஃபில்டர் எல்லாம் சேர்த்திருந்தார். ஒருவர் வெறும் மெசின் மட்டும். ஒருவரின் விலை கொழும்புத் துறைமுகத்தோடு முடிந்தது. மற்றவருடையது எங்கள் தளத்தில் இறக்கி, ஓட்டிக்காட்டி, இரண்டு ஒப்பரேட்டர்களுக்குப் பழக்குவது வரை. வற் என்ற பெறுமதி சேர் வரியை ஒருவர் சேர்த்திருந்தார், இருவர் சேர்க்கவில்லை. 2024இல் அது 18 சதவீதம், அதுவே வரிசையைத் தலைகீழாக்கிவிடும்.

ஒரு பெரிய தாள் எடுங்கள். இடப்பக்கம் எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள், விலைமனுவைப் பார்க்காமல். பிறகு மூவரையும் அதன் எதிரே நிரப்புங்கள். காலியாக இருக்கும் கட்டம் ஒவ்வொன்றும் பின்னால் தனி பில்லாக வரும்.

பொறியியலாளர் காரணம் எழுதவில்லை என்பது எனக்கு 18 லட்சத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அலுவலகத்தில் வைத்துக் கேட்காதீர்கள். பழைய கொம்பிரசருக்குப் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள், சொல்வார்.

5 ஜூன்

மின்சாரத்தை நேற்று எழுத மறந்துவிட்டேன். கொம்பிரசரில் வாங்கும் விலை சின்னப் பங்குதான். அதன் ஆயுட்காலச் செலவில் பெரும்பகுதி மின்சாரத்துக்கே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மெசினும் நிமிடத்துக்கு 12 கனமீற்றர் காற்றுத் தருகின்றன என்று வைப்போம். ஒன்று மின்விசிறியோடு சேர்த்து மொத்தமாக 80 கிலோவாட் இழுக்கிறது, மற்றது 87. வித்தியாசம் 7 கிலோவாட். வருடத்துக்கு 6000 மணித்தியாலம் ஓடினால் 42,000 யுனிட். யுனிட்டை 25 ரூபா என்று வைத்தாலும் 10 லட்சத்து 50 ஆயிரம். உங்கள் 18 லட்சம் இரண்டு வருடம் முடிவதற்குள் மின்கட்டணத்தில் கரைந்துவிடும். மெசின் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும்.

ஆகவே மூன்று பேரிடமும் மோட்டரின் கிலோவாட்டைக் கேட்காதீர்கள். முழு மெசினும் இழுக்கும் மின்சாரத்தைக் கேளுங்கள், உங்களுக்கு வேண்டிய அமுக்கத்தில், எழுத்தில். மோட்டரில் 75 என்று அடித்திருப்பது வேறு கதை.

5 ஜூன், கொஞ்சம் கழித்து

கச்சான் காற்று!

தென்மேற்கிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று. வெளியே இப்போது அதுதான் வீசுகிறது, அதனால்தான் நினைவு வந்தது. விவரத்தாளில் உள்ள எண்கள் ஐ.எஸ்.ஓ. 1217 தரத்தின்படி 20 பாகை வெப்பத்தில், ஈரப்பதனே இல்லாத காற்றில் அளந்தவை. நம்முடைய ஊரில் எந்தக் கொம்பிரசர் அறை 20 பாகையில் இருக்கிறது? கச்சான் நாளில் வெளியிலேயே 36, 37. தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேலே. அந்தச் சூட்டில் கூலர் போதாவிட்டால் எண்ணெய் சூடேறி, 110 பாகையை அண்டும்போது மெசின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். எங்களிடம் ஒன்று இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் நிற்கும், பின்னேரம் காத்து மாறினால் ஓடும். இரண்டு ஆடி மாதம் அதன் கூலருக்கு ஈரச்சாக்குப் போட்டு ஓட்டினோம். விலைமனுவில் "சூழல் வெப்பநிலை 40 பாகை வரை" என்று இருந்தது, வாங்கும்போது அது போதும் என்று நினைத்தேன். 46 பாகை என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

உப்புக்காற்றையும் எழுதுங்கள். மாரியில் வடகீழ்க் காற்று கடலை அப்படியே கொண்டுவந்து கூலரின் அலுமினியத் தகடுகளில் பூசும். பூச்சு உள்ள கூலர் வேண்டும் என்று கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் சாதாரணமானதுதான் வரும்.

6 ஜூன்

தம்பி பதில் எழுதியிருக்கிறார்: ஆறாயிரம் மணித்தியாலமும் முழுச் சுமையில் ஓடாது, இரவு ஷிஃப்டில் பாதிக் காற்றுத்தான் போகும் என்று. சரி, என் கணக்கு அளவு மீறியது. 4000 மணித்தியாலம் சுமையில் என்று வைத்தால் 28,000 யுனிட், 7 லட்சம் ரூபா. 18 லட்சம் திரும்ப இரண்டரை வருடம் எடுக்கும். முடிவு மாறவில்லை, ஆனால் தலைமை அலுவலகத்துக்குப் போகும் தாளில் முதல் எண்ணைப் போட்டிருந்தால் கணக்காளர் ஒரே கேள்வியில் கிழித்திருப்பார்.

மிச்ச 2000 மணித்தியாலமும் இலவசம் இல்லை. ஸ்குரூ கொம்பிரசர் காற்றுக் கொடுக்காமல் வெறுமனே சுற்றும்போதும் முழுச் சுமையில் இழுப்பதில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை இழுக்கும். இரவில் பாதிச் சுமை என்றால் காற்றுத் தேவைக்கேற்ப மோட்டரின் வேகம் மாறும் டிரைவ் உள்ள மெசினுக்கும் ஒரு விலை கேளுங்கள்.

8 ஜூன்

இரண்டு நாளாக ஒன்று மனதை உறுத்துகிறது. புதிய கொம்பிரசர் ஏன் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. காற்றுப் போதவில்லை என்று உற்பத்திப் பிரிவு சொன்னது, நீங்கள் விலைமனு எடுத்தீர்கள். நானும் அப்படியே நம்பி விலைக்குள் இறங்கிவிட்டேன்.

ஆலை நிற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். காற்றுப் பாவிக்கும் எதுவும் ஓடக்கூடாது. கொம்பிரசரை மட்டும் போட்டு, அது சுமையில் எத்தனை நேரம், வெறுமனே எத்தனை நேரம் என்று கையில் மணிக்கூட்டோடு பத்துச் சுற்று குறியுங்கள். சுமை நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் கசிவு. எங்களிடம் இரண்டு நிமிடம் சுமை, மூன்று நிமிடம் வெறுமை. ஐந்தில் இரண்டு. கொம்பிரசர் தரக்கூடிய காற்றில் 40 சதவீதம் யாருக்கும் வேலை செய்யாமல் கூரைக்குள் போய்க்கொண்டிருந்தது. இயந்திரச் சத்தம் இல்லாத அந்த ஞாயிறு ஆலைக்குள் நடந்தால் சுவரெல்லாம் சீறுகிற மாதிரிக் கேட்டது. அதைக் கேட்ட பிறகு என்னால் பழைய மாதிரி ஒரு கொள்வனவுக் கோரிக்கையில் ஒப்பமிட முடியவில்லை.

அமுக்கத்தையும் பாருங்கள். ஒரு பார் கூட்டி வைத்தால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் மின்சாரம். "குறைஞ்சாப் பிரச்சினை வரும்" என்று யாரோ எப்போதோ கூட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

9 ஜூன்

முற்பணம் பற்றிக் கேட்டீர்கள். என் விதி இது: முற்பணம் 20 சதவீதத்துக்கு மேல் இல்லை, அதுவும் அதே தொகைக்கு வங்கி உத்தரவாதம் வந்த பிறகு, அதாவது விற்பவர் தவறினால் அவருடைய வங்கி திருப்பித் தரும் என்ற தாள். உத்தரவாதம் கேட்டவுடன் நிபந்தனையில்லாமல் செலுத்துவதாக இருக்க வேண்டும். "பிணக்குத் தீர்ந்த பின்" என்று ஒரு சொல் உள்ளே இருந்தாலும் அந்தத் தாளால் பயனில்லை. கடைசி 10 சதவீதம் எங்கள் தளத்தில் ஓட்டிக்காட்டிய பிறகு. அனுப்பியதும் 100 சதவீதமும் கொடுத்துவிட்டால், கச்சானில் மெசின் நிற்கும்போது உங்கள் தொலைபேசியை யார் எடுப்பார்?

எல்.சி. திறக்கிறோம், ஆவணங்களைப் பார்த்து வங்கிதான் விற்றவருக்குக் காசு கொடுக்கும், அதனால் பாதுகாப்பு என்று நினைக்கவும் வேண்டாம். வங்கி தாளைத்தான் பார்க்கும், மெசினைப் பார்க்காது. எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600இலேயே அப்படித்தான் இருக்கிறது. தாள்கள் ஒழுங்காக இருந்தால் பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் காசு போகும். அதனால் எல்.சி. கேட்கும் ஆவணங்களுக்குள் பரிசோதனைச் சான்றிதழைச் சேருங்கள். உங்கள் பொறியியலாளரோ நீங்கள் நியமித்தவரோ மெசின் செய்யும் தொழிற்சாலையில் பார்த்து ஒப்பமிட்டது.

அந்தப் பரிசோதனைக்குப் போகிறவர் முதலில் மோட்டர்த் தகட்டைப் படிக்க வேண்டும். எங்களுக்கு 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்குச் செய்த மெசினை நேரடியாக இங்கே இணைத்தால் சுற்று ஆறில் ஒரு பங்கு குறையும், காற்றும் அவ்வளவு குறையும். நான் ஒருமுறை போய் நின்ற இடத்தில், பளபளவென்று பூச்சடித்து நிறுத்தியிருந்த மெசினின் தகடு 460 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தது. மோட்டரை மாற்றுவதற்கு மூன்று கிழமை எடுத்தார்கள். இங்கே வந்த பிறகு கண்டிருந்தால் ஆறு மாதம்.

12 ஜூன்

இன்னொருவர் கேட்டிருக்கிறார், சி.ஐ.எஃப். கொழும்பு, அதாவது விலைக்குள் கொழும்பு வரை கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்தது என்றால், கொழும்பு வரை விற்றவர் பொறுப்புத்தானே என்று. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், 2013 வரை.

அந்த வருடம் பொதி செய்யும் மெசின் ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்தால் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் உப்புநீர். விற்றவருக்கு எழுதினேன், கப்பல் விளிம்பைத் தாண்டியதும் ஆபத்து உங்களுடையது என்று பதில். கப்பல் கூலியும் காப்புறுதியும் அவர் கட்டினார், ஆனால் ஆபத்து ஏற்றிய துறைமுகத்திலேயே எங்கள் தலைக்கு மாறிவிட்டது. சரி, காப்புறுதி இருக்கிறதே என்று போனால், சி.ஐ.எஃப்.இல் விற்றவர் எடுக்கவேண்டியது ஆகக் குறைந்த சி வகைக் காப்புறுதி. கப்பல் எரிந்தால், தரைதட்டினால், மோதினால் பணம் வரும். கடல்நீர் புகுந்ததற்கு வராது. ஆக விரிவான ஏ வகை வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், கூடுதல் கட்டணமும் பெரிதில்லை. மூன்று மாதம் அந்த வரிசையில் கையால் பொதி செய்தார்கள். வேலைக்கு வந்த பெண்களின் விரல்களில் பிளாஸ்டர் சுற்றியிருந்ததை இன்னும் மறக்கவில்லை.

12 ஜூன், இரவு

திருத்தம். "கப்பல் விளிம்பு" பழைய வாசகம். சி.ஐ.எஃப். போன்ற சொற்களுக்குப் பொருள் சொல்லும் சர்வதேச விதிகளான இன்கோடேர்ம்ஸின் 2010 திருத்தத்தோடு அது போய்விட்டது. இப்போது பொருள் கப்பலில் ஏற்றி வைக்கப்பட்டதும் ஆபத்து மாறும். எனக்கு 2013இல் எழுதியவரும் பழையதைத்தான் எழுதியிருந்தார், அந்தக் கோபத்தில் அதே சொல் கைக்கு வந்துவிட்டது. இன்னொன்று: கொள்கலனில் வரும் சாமானுக்கு சி.ஐ.எஃப்.ஐவிட, அதேபோலக் கூலியும் காப்புறுதியும் விற்றவரே கட்டும் சி.ஐ.பி. பொருந்தும், 2020 திருத்தத்தின்படி அதில் காப்புறுதி ஏ வகையாகவே இருக்க வேண்டும்.

13 ஜூன்

கொழும்பிலிருந்து இங்கே வரும் பாதையையும் விலைமனுவில் எழுதவையுங்கள். ஹபரணை, கந்தளாய் ஊடாக வரும் லோபெட் (தாழ்ந்த தட்டு லொறி) இரவில் வந்தால் யானைக்கு நிற்கும். வந்து சேர்ந்த பிறகு இறக்க கிரேன் யார் தருவது? அறைக் கதவு எத்தனை அடி? நாங்கள் ஒருமுறை சுவரை உடைத்தோம்.

16 ஜூன்

9ஆம் திகதி எழுதிய முற்பண விதியைத் திரும்பப் படித்தேன். அது பெரிய விற்பனையாளருக்குச் சரி. எல்லாருக்கும் என்று எழுதியது பிழை.

கிண்ணியாவில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. லேத் நானா என்றுதான் ஆலையில் எல்லாரும் சொல்வோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன்னால் ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி, பாதை என்று சொல்லும் கடவைப் படகில் ஏற்றிக்கொண்டு வருவார். அவருக்கு எந்த வங்கி உத்தரவாதம் தரும்? ஈடு வைக்க அந்தப் பட்டறையும் ஒரு லேத்தும்தான். என் விதிப்படி அவருக்கு முற்பணமே இல்லை. ஐந்து வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். இரும்பை அவர் கடனுக்கு வாங்குவார், வேலையைச் செய்து தருவார், நாங்கள் 90 நாளில் கொடுப்போம். சில நேரம் 120.

2022 பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வங்கியில் எல்.சி. திறக்க வழியில்லை. வெளிநாட்டு உதிரிப்பாகம் எதுவும் வரவில்லை. பெரிய ஏஜண்ட்மாரின் தொலைபேசியில் நல்ல வார்த்தை மட்டும் வந்தது. ஆலையை ஓட்டியது லேத் நானா. கப்ளிங், புஷ், பம்ப் ஷாஃப்ட் என்று பழையதை அளந்து புதிதாய்க் கடைந்து தந்தார். பெற்றோல் இல்லாத நாளில் சைக்கிளில் அனுப்பினார். அப்படியிருந்தும் எங்கள் புத்தகத்தில் அவருக்கு நாலு மாதப் பாக்கி கிடந்தது. நான் போய்க் கேட்டபோது அவர் சொன்னது: "தங்கச்சி, உங்கட கம்பனிக்கு வேலை செய்யப் பயமில்ல. காசு வாற நாளச் சொன்னாக் காணும், அந்த நாளைக்கு இரும்புக் கடைக்காரனுக்கு வாக்குக் குடுக்கலாம்."

அதற்குப் பிறகு இரும்பை நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம், அவர் கூலிக்கு வேலை செய்கிறார். முற்பணப் பிரச்சினையும் உத்தரவாதப் பிரச்சினையும் ஒன்றாகத் தீர்ந்தது. கூலி 14 நாளில். இதற்குக் கணக்குப் பிரிவோடு ஏழு மாதம் சண்டை பிடித்தேன்.

17 ஜூன்

நேற்று எழுதியதோடு சேர்த்து. 1983இல் பீட்டர் கிரால்ஜிக் என்பவர் கொள்வனவுப் பொருள்களை நாலாகப் பிரித்தார்: ஆதாயத்தில் எவ்வளவு பங்கு, கிடைப்பதில் எவ்வளவு சிக்கல் என்று பார்த்து. அதில் நாங்கள் ஒருவரும் கவனிக்காத மூலை, விலை சின்னது, கிடைப்பது கஷ்டம் என்பது. எண்ணெய் கசியாமல் பிடிக்கும் வளையமான கொம்பிரசரின் ஒயில் சீல் அங்கேதான் இருக்கிறது. 75 கிலோவாட் மெசின் ஒரு சீலுக்காக நிற்கும். ஆகவே மெசின் வாங்கும் அன்றைக்கே இரண்டு வருட உதிரிப்பாகங்களுக்கு விலை வாங்குங்கள். போட்டி இருக்கும் கடைசி நாள் அதுதான், மறுநாள் அவர் சொன்னது விலை.

20 ஜூன்

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார்: குறைந்தவரின் விலையை இரண்டாமவரிடம் சொல்லி இறக்கலாமா என்று.

நான் செய்திருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். இரண்டாமவர் இறங்கினார், முகாமையாளர் முதுகில் தட்டினார். நேர்மையாக, கவனமாக விலை போட்ட முதலாமவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் கோரிக்கை எதற்கும் அவர் விலை தரவில்லை. அடுத்த வருடம் பொயிலர் குழாய்க்கு விலை கேட்டபோது இரண்டு விலைமனுத்தான் வந்தது, இரண்டும் உயரத்தில். ஒரு மனிதர் இரவிருந்து போட்ட கணக்கை நான் அவருக்கு எதிராகவே விற்றேன். விலை இறக்க வேண்டுமா, எல்லாரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, திருத்திய கடைசி விலையை மூடிய உறையில் கேளுங்கள்.

23 ஜூன்

இது கொம்பிரசர் விஷயம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். சீனன்குடாப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்ப்பேன். பிரித்தானியர் காலத்தில் கட்டியவை, 99 இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அந்தத் தாங்கித் தகட்டின் தடிப்பை யாரோ ஒரு எழுதுவினைஞர் ஒரு தாளில் எழுதியிருப்பார். எனக்கு அவரை நினைத்தால் மரியாதை வரும்.

2 ஜூலை

தம்பி ஞாயிற்றுக்கிழமை போய் அளந்திருக்கிறார். 50 செக்கன் சுமை, 110 செக்கன் வெறுமை. 31 சதவீதம்! விரைவு இணைப்பிகளும் பழைய ரப்பர்க் குழாய்களும்தான் பெரும்பாலும் என்கிறார். பொறியியலாளரும் கூடவே நடந்தாராம். கசிவை அடைத்தால் 75 வேண்டியதில்லை, 55 போதுமா என்று பார்க்கலாம் என இப்போது அவரே எழுதித் தந்திருக்கிறார். முதலில் ஏன் எழுதவில்லை என்றால், குறைந்த விலைக்காரரின் டெக்னீஷியன் கொழும்பிலிருந்து வர ஐந்து நாள் எடுத்த கதை அவருக்குத் தெரியும், ஆனால் ஆள்மீது குறை எழுத மனம் வரவில்லை. அதை ஆள்மீது எழுதவேண்டாம். "அழைத்து 24 மணித்தியாலத்துக்குள் திருகோணமலைத் தளத்தில்" என்று நிபந்தனையாக எழுதுங்கள், முடிந்தவர் விலை தரட்டும்.

ஆக மூன்று விலைமனுவும் ரத்து. அவர்களுக்கு அதை நேரில் சொல்லுங்கள், காரணத்தோடு. மௌனமாக விட்டுவிடாதீர்கள்.

கசிவை அடைத்து ஒரு மாதம் அளந்துவிட்டுப் புதிய கோரிக்கைத் தாளை அனுப்புங்கள். மாரிக்கு முன் மெசின் வராது, பரவாயில்லை. தாளின் கடைசி வரியில் எங்கள் பக்கத்துக் கடமையையும் போடுங்கள்: பற்றுச்சீட்டுக் கிடைத்து எத்தனை நாளில் காசு. அந்த நாளை எழுதுவதற்கு முன் கணக்காளரிடம் கொண்டுபோய் ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.